முருங்கை வளரி

மரைக்காயரே, என் மீசையைப் பார்த்துட்டு எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க. இதைப் பார்த்து எந்திரிச்சவுக எல்லாரும் பிறகு வெக்கப்பட்டிருக்காக. உள்ளுக்குள்ள ஒண்ணும் கிடையாது. எங்க ஊரு நாய்கூட இந்த மீசையைக் கண்டு கொரைக்காது, அது பாட்டுக்குப் படுத்துக் கிடக்கும்.

முள்ளிக்கண்மாயிலேருந்து வாரேன். சிவகங்கைச் சீமை. ரெண்டு நாள் நடை. தொண்டிக் கரையில பினாங்குக்குப் போற கப்பல் யாருதுன்னு விசாரிச்சேன், உங்களைக் கை காட்டுனாக. கச்சான் காத்து எழும்புனாத்தான் கிளம்புவீகளாமே. காத்தும் இன்னும் எழும்பல, எனக்கும் ஊருல வெட்டி முறிக்கிற வேலை ஒண்ணுமில்ல. நான் சொல்றதைக் கொஞ்ச நேரம் கேக்கலாம்ல?

ஒரு சேதி கொண்டுபோகணும், அவ்வளவுதான். போன மாசம் எங்க ஊருக்கு வந்த வெத்தலை யாவாரி ஒரு பேச்சைப் போட்டுட்டுப் போனான். பினாங்குத் தொறையில கும்பினிக் கைதிக மூட்டை எறக்குறாகளாம். அதுல ஒரு ஆளுக்கு எங்க பக்கத்துப் பேச்சாம், மோவாயில வளைஞ்சாப்புல ஒரு தழும்பாம். நீங்க பார்த்திருக்கீகளா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தலை நரைச்ச ஆளா? தழும்பு இடது பக்கமா?

சரி. சரி. உசுரோடதான் இருக்காரு. அந்தச் செம்பை இங்கிட்டுத் தள்ளுங்க, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுக்கிறேன்.

அவரு எங்க அண்ணன், மரைக்காயரே. முத்திருளன்னு பேரு. நான் சடையன். அந்தத் தழும்பு நான் போட்டது. அதைப் பிறகு சொல்றேன், முதல்ல சேதியைக் கேளுங்க. "முத்திருளா, உன்னைக் கும்பினிக்காரன்கிட்டக் காட்டிக் குடுத்தது உன் தம்பி சடையன் இல்ல, ஊர்த் தலையாரி." இதுதான். வேற ஒரு எழுத்துக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கே, ஒருதடவை திருப்பிச் சொல்லுங்க பார்ப்போம்.

என்னது, நடந்தது தெரியாம ஒருத்தன் மேல பழி சுமத்துற சேதியைச் சொமக்க மாட்டீகளா? ஞாயந்தான். யாவாரின்னா அப்படித்தான் இருக்கணும், மூட்டையைப் பிரிச்சுப் பார்த்துத்தான் ஏத்தணும். சரி, பிரிச்சே காட்டுறேன்.

வளரின்னா என்னன்னு கடல்காரரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அரிவா மாதிரி வளைவு, ஆனா இரும்பு இல்ல, வயிரம் பாஞ்ச கட்டை. ஒரு முனை கனம், மறுமுனை மெலிசு. மெலிசைப் பிடிச்சுச் சுழட்டி விட்டா நூறடிக்கு அங்கிட்டு ஓடுற முயலோட காலை வாங்கிரும். முயலுக்குன்னு செஞ்சதுதான் அது. மனுசனுக்கும் கால் இருக்கு, குதிரைக்கும் கால் இருக்குன்னு பிறகு கண்டுபிடிச்சிருப்பாக.

அண்ணன் எறிஞ்சா, பார்த்த எடத்துக்குப் போகும். நான் எறிஞ்சா எங்க போகும்னு எனக்கே தெரியாது. பத்து வயசுல ஒரு புளியங்காய்க்குக் குறி வச்சேன். புளியமரம் எனக்கு முன்னால நிக்குது. அண்ணன் எனக்குப் பின்னால நிக்காரு. கையை ஓங்குனப்பவே நழுவிப் போயி அவரு மோவாயைப் பிளந்துருச்சு. ரத்தம் நெஞ்செல்லாம் ஒழுகுது, மனுசன் விழுந்து விழுந்து சிரிக்காரு. ஆத்தாகிட்டப் போயி மாடு முட்டிருச்சுன்னு சொன்னாரு. ஆத்தா மூணு நாளு அந்த மாட்டுக்குத் தீனி வைக்கல. நான் மாட்டைப் பார்க்காம தலையைக் குனிஞ்சுக்கிட்டே தொழுவத்தைக் கூட்டுனேன்.

எனக்குக் கல்யாணம் வந்ததும் இந்தக் கை லட்சணத்தாலதான். ஒரு மாசி மாசம் ரெண்டு ஊரும் சேர்ந்து முயல் வேட்டைக்குப் போனோம். பக்கத்து ஊரு சேவுகன்னு ஒரு பெரிய மனுசன். முயல் அவருக்கு வலப்பக்கம் ஓடுச்சு, என் வளரி அவரு இடது காலுக்குப் போயிருச்சு. மூணு மாசம் நொண்டுனாரு. அண்ணன் ஒரு ஆட்டுக்குட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு மன்னிப்புக் கேக்கப் போனாரு. போனவரு எனக்குப் பொண்ணு பேசி முடிச்சுட்டு வந்தாரு. சேவுகன் மகள் மீனாள். சேவுகன் சொன்னாராம், இவனை வெளியாளா வச்சுக்கிட்டா எம்மேல எறிவான், மருமகனாக்கிட்டா எனக்குப் பக்கத்துல நிப்பான், அதுதான் பத்திரம்னு.

இப்ப ஒரு விசயத்தைக் கவனமாக் கேளுங்க, எல்லாம் இதுலதான் வந்து முடிஞ்சுச்சு. எங்க சனத்துல கல்யாணம் பொன்னு இல்லாம நடக்கும், மேளம் இல்லாம நடக்கும், வளரி இல்லாம நடக்காது. மாப்பிள்ளை வீட்டு மூத்த ஆம்பளை தன் கைவளரியைத் தட்டுல வச்சுப் பொண்ணோட அப்பன்கிட்டக் குடுக்கணும். அவரு தன்னோடதை மாத்திக் குடுப்பாரு. அதுக்கப்புறந்தான் தாலி. எங்க அய்யா அப்பவே தவறிப்போயிட்டாரு. அதனால வைக்க வேண்டியவரு அண்ணன்.

நாள் குறிக்கிற நேரம் பார்த்துச் சண்டை வந்துருச்சு. சீமையை ஆண்டவுகளுக்கும் கும்பினிக்கும் நடந்த சண்டை, உங்க அத்தா காலத்துல இந்தக் கரையில பேசியிருப்பாக. அண்ணன் காட்டுக்கோட்டைக்குப் போயிட்டாரு. ஊருல கை கால் உள்ளவன் எல்லாம் போனான். எனக்கும் கை கால் இருந்துச்சு. ஆனா மாட்டைப் பார்த்துக்க ஆள் வேணும்ல? கல்யாண மாப்பிள்ளை வேற. இப்படி ரெண்டு காரணம் கைவசம் வச்சிருந்தேன். ஒண்ணைக் கேட்டுச் சிரிச்சவுககிட்ட இன்னொண்ணைச் சொல்லுவேன்.

ஒரே ஒரு நாள் நானும் சண்டைக்குப் போனேன், பொய் சொல்லக்கூடாது. கோட்டையில உள்ளவுகளுக்குக் கஞ்சி கொண்டுபோகச் சொல்லி ஆத்தா விரட்டுச்சு. தலையில கஞ்சிப் பானை. பாதிக் காட்டுல பீரங்கி ஒண்ணு வெடிச்சுச்சு பாருங்க, திரும்புனவந்தான், வீட்டு வாசல்லதான் நின்னேன். ஆறு கல் தூரம். பானையை எறக்கிப் பார்த்தா ஒரு பருக்கை சிந்தல. அந்த ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தா எனக்கு அப்பவே ஒரு பட்டம் குடுத்திருப்பாக. கோட்டையில அன்னைக்குப் பட்டினின்னு பிறகு கேள்விப்பட்டேன்.

அண்ணன் இடையில ஒருதடவை ஊருக்கு வந்தாரு. வந்ததும் வீட்டுக்குள்ள வரல, கண்மாயில எறங்கிக் கையைக் கழுவிக்கிட்டே நின்னாரு. நான் போயிப் பக்கத்துல உக்காந்தேன். ஒரு சிப்பாய் மேல எறிஞ்சேன்டா, கழுத்துல பட்டுச்சு, வெள்ளைக்காரன்னு நெனைச்சேன், விழுறப்ப ஆத்தான்னு நம்ம பேச்சுல கத்துனான்னு சொன்னாரு. மோவாயில உன்னைய மாதிரி எவனோ கீறிவிட்ட தழும்பு அவனுக்கும் இருந்துச்சுன்னாரு. நீ சாப்பிடு அண்ணேன்னேன். போதும்டான்னாரு. அது சோத்தைச் சொன்னாரா, சண்டையைச் சொன்னாரான்னு நான் கேக்கல. ஆனா அந்த வார்த்தையை நல்லா ஞாபகம் வச்சுக்கிட்டேன். பின்னால எனக்கு ரொம்ப உதவுச்சு.

பிறகு சண்டை முடிஞ்சுச்சு. பெரியவுகளைத் தூக்குல போட்டாக. காட்டை வெட்டிச் சாய்ச்சாக, கோட்டையை மண்ணோட மண்ணாக்குனாக. அண்ணனோட சேர்த்துப் பத்துப் பன்னெண்டு பேரு மிச்சக் காட்டுக்குள்ள மறைஞ்சுக்கிட்டாக. ஊரு ஊராத் தமுக்கடிச்சான் கும்பினிக்காரன். ஈட்டி, வாள், துப்பாக்கி, வளரி எது இருந்தாலும் வெள்ளைக்காரத் துரை உக்கார்ற கச்சேரியில கொண்டாந்து ஒப்படைக்கணும், வச்சிருந்தா தூக்கு. தமுக்குக்காரன் அடுத்த தெருவுக்குப் போறதுக்குள்ள நான் கச்சேரி வாசல்ல நின்னேன். வீட்டுல இருந்த பதினோரு வளரியும் கட்டாக் கட்டிக்கொண்டு போயிட்டேன். பாட்டனோடது, அய்யாவோடது, எல்லாம். கூடவே அருவாமனையையும் கொண்டுபோனேன். கச்சேரியில எழுத்துவேலை பார்க்குற ராயர் அதை மட்டும் எடுத்துத் திருப்பிக் குடுத்து, சாயங்காலம் கொழம்பு வைக்கணுமேப்பான்னாரு. நல்ல மனுசன் அந்த ராயர்.

எல்லா ஊரு வளரியையும் குமிச்சுத் தீ வச்சாக. வயிரக் கட்டைல்ல, ரெண்டு நாளு எரிஞ்சுச்சு. உடைகுளம்னு ஒரு ஊரு, அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு கூரையில ஒரே ஒரு ஈட்டியைச் செருகி வச்சிருந்தாக. ஒரே கொம்புல ரெண்டு கயிறு போட்டாக. ஊரெல்லாம் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாக. நானும் பார்த்தேன். தம்பிக்கு என் வயசுதான் இருக்கும்.

இந்த லட்சணத்துல மாமனாரு கல்யாண நாளை வச்சாரு. வளரி எங்கேன்னு கேட்டாரு. மாமா, கும்பினி உத்தரவுன்னேன். கும்பினிக்கா பொண்ணு குடுக்குறேன்னாரு. மூணு மாசம் நொண்டியிருக்கேன், அதுக்காவது ஒரு வளரி வேணும், இல்லாட்டிப் பொண்ணு கிடையாதுன்னு சொல்லிட்டாரு. அவரு தன்னோடதை எங்க ஒளிச்சு வச்சிருந்தாரோ, அந்தத் தைரியம் அவருக்கு.

நான் நேரா ராயர்கிட்டப் போனேன். சாமி, கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாளு ஒரு வளரி வச்சுக்க உத்தரவு குடுங்கன்னேன். ராயர் வாய்விட்டுச் சிரிச்சாரு. பிறகு யோசனை சொன்னாரு, முருங்கைக் கட்டையில ஒண்ணு செதுக்கிக்க, முருங்கை பஞ்சு, அதால ஈயைக்கூட அடிக்க முடியாது, துரை ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு. உக்காந்து செதுக்குனேன். என் வாழ்க்கையில நான் ஒழுங்காச் செஞ்ச ஒரே வளரி அதுதான். வளைவும் முனையும் அப்படியே அண்ணனோடது மாதிரி. ஊதுனா பறந்துரும். துரை அதைக் கையில வாங்கித் தூக்கிப் பார்த்து, ராயரு காதுல ஏதோ சொல்லி, ரெண்டு பேரும் சிரிச்சாக. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். எதுக்குச் சிரிச்சாகன்னு தெரியாது, இருந்தாலும் மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல.

மாமனாரு சிரிக்கல. இதை வாங்கிட்டுப் பொண்ணு குடுத்தா எம்மக முருங்கை மரத்துக்கு வாக்கப்பட்டான்னு ஊரு பேசும்னாரு. மீனாள் கதவுக்குப் பின்னால நின்னு அதை வாங்கிப் பார்த்துட்டு, எறிஞ்சா யாருக்கும் வலிக்காதுல்ல, நல்லதுதானேன்னு சொன்னா. அவ சொல்லு அன்னைக்கு எடுபடல.

விசயம் காட்டுக்குள்ள அண்ணன் காதுக்குப் போயிருச்சு. ஆடு மேய்க்கிற கிழவி ஒருத்தி சேதி கொண்டாந்தா. தம்பி கல்யாணத்துக்கு நான் வளரி வைக்காம வேற எவன் வைப்பான், கல்யாணத்தன்னைக்குக் காலையில அய்யனாரு கோயில் பக்கமா வருவேன், தட்டுல வச்சுட்டுத் திரும்பிருவேன், நீ பயப்படாம இருன்னு. நீ பயப்படாம இருன்னு சொன்னதை மட்டும் ரெண்டு தடவை சொல்லச் சொன்னாராம்.

அப்புறந்தான் இந்தத் தலையாரி... தலையாரி என்ன செஞ்சான்னா... இருங்க மரைக்காயரே, வெத்தலையைக் கொஞ்சம் மென்னுக்கிறேன்.

தலையாரி போயி ராயர்கிட்டச் சொல்லிட்டான். எப்படித் தெரிஞ்சுச்சு அவனுக்குன்னு கேக்குறீகளா? கிழவி சொல்லும்போது யாரு இருந்தான்னு கேக்குறீகளா? நானும் கிழவியும்தான் இருந்தோம். ஆடு இருந்துச்சு. சரி விடுங்க, அந்தத் தலையாரி சண்டையில குண்டு பட்டு, கல்யாணத்துக்கு ஆறு மாசம் முந்தியே செத்துட்டான். மேல விசாரிச்சுராதீக.

நான்தான் போனேன்.

ஆனா எதுக்குப் போனேன்னு கேளுங்க. கவுல் வாங்கப் போனேன். ஆயுதத்தை ஒப்படைச்சுச் சரணடைஞ்சவனுக்கு உசுருக்குப் பயமில்லன்னு எழுதிக் குடுக்குற கடுதாசி, அதுதான் கவுல். தமுக்கிலேயே அப்படித்தானே சொன்னான். என் யோசனையைப் பாருங்க. அண்ணன் வளரியைத் தட்டுல வைக்கப்போறாரு. தட்டுல வைக்கிறதும் ஒப்படைக்கிறதும் ஒண்ணுதானே? எங்க வழக்கப்படி கல்யாணமும் ஆச்சு, கும்பினி வழக்கப்படி சரணடைஞ்சதும் ஆச்சு. அவரே போதும்டான்னு சொன்னவருதானே. இவ்வளவு புத்தி எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்கே ஆச்சரியம். ராயர் முழுசாக் கேட்டாரு. பேஷ்னாரு. துரைகிட்டச் சொல்லிக் கவுலை வாங்கி வைக்கிறேன், நீ கல்யாண வேலையைப் பாருன்னு கை நிறைய வெத்தலை குடுத்தாரு.

கல்யாணத்தன்னைக்குப் பந்தல்ல புதுசா எட்டுப் பேரு வேட்டி கட்டி உக்காந்திருந்தாக. பொண்ணு வீட்டுச் சனம்னு நான் நெனைச்சேன். மாப்பிள்ளை வீட்டுச் சனம்னு மாமனாரு நெனைச்சாரு. ரெண்டு பக்கமும் அவுகளை விழுந்து விழுந்து கவனிச்சோம். ஒருத்தருக்கு நானே விசிறிவிட்டேன்.

அண்ணன் வந்தாரு. குளிச்சு, தலைக்கு எண்ணெய் வச்சு, எங்க அய்யாவோட பழைய உருமாலைத் தலையில கட்டியிருந்தாரு. ஆளு பாதியா எளைச்சிருந்தாரு. இடுப்புலேருந்து வளரியை எடுத்தாரோ இல்லையோ, எட்டுப் பேரும் எந்திரிச்சுட்டாக. வேட்டிக்குள்ள கத்தி. அண்ணன் ஒரு எட்டு பின்னால வச்சு வளரியை ஓங்குனாரு. அவருக்குப் பின்னால கண்மாய்க் கரை, கரைக்கு அங்கிட்டுக் காடு. ஒருத்தனைச் சாய்ச்சா வழி கிடைச்சிரும். அவரு கை தவறாது, அது ஊருக்கே தெரியும்.

அப்ப நான் கத்துனேன். பந்தல் முழுக்கக் கேக்குற மாதிரி கத்துனேன்.

"பயப்படாத அண்ணே, நான்தான் சொல்லி வச்சிருக்கேன். கவுல் இருக்கு, கீழ வை."

பெருமையாச் சொன்னேன் மரைக்காயரே. நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னேன். அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தாரு. அந்தப் பார்வையை எங்கிட்டுக் கொண்டுபோயி வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. ஓங்குன கையை மெள்ள எறக்குனாரு. நடந்து வந்து, ரெண்டு கையாலயும் வளரியைப் பிடிச்சு, மாமனாரு முன்னால இருந்த தட்டுல முறைப்படி வச்சாரு. வச்ச பிறகுதான் எட்டுப் பேரும் அவரு மேல விழுந்தாக. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிஞ்சவுக.

கட்டிப்போட்டுட்டுத் தட்டுல இருந்த வளரியையும் எடுத்துக்கிட்டாக, சாட்சிக்கு வேணும்னு. ராயரும் வந்திருந்தாரு. கவுல் எங்கே சாமின்னேன். வருது வருதுன்னாரு. மாமனாரு எந்திரிச்சு, தட்டு காலி, கல்யாணம் இல்லன்னாரு. ஒரே சத்தம். எனக்கு அழுகை வந்துருச்சு, எதுக்கு அழுதேன்னு கேக்காதீக, அண்ணனுக்குன்னு சொல்ல எனக்கும் ஆசைதான்.

அண்ணனைப் பந்தக்காலோட சேர்த்துக் கட்டியிருந்தாக. அங்கிருந்துதான் பேசுனாரு.

"மாமா, அந்த முருங்கையை வைங்க. என் தம்பி கையால இதுவரைக்கும் ஒருத்தரும் செத்ததில்ல. அவனுக்கு அதுதான் பொருத்தம்."

எந்திரிச்ச மாமனாரு திரும்ப உக்காந்தாரு. பிறகு அண்ணன் என்னைப் பார்த்து, "கட்டுடா சடையா. நேரம் போகுது"ன்னாரு.

கட்டுனேன். முருங்கையைத் தட்டுல வச்சு, அண்ணன் கயித்துல நிக்க, நான் தாலியைக் கட்டுனேன். ஊருல எவனும் செய்ய மாட்டான், நான் செஞ்சேன். எங்க பக்கம் பொண்ணு முதல் சோத்தைக் கொழுந்தனாருக்கோ மூத்தாருக்கோ பரிமாறணும். மீனாள் இலையைத் தூக்கிக்கிட்டுப் பந்தக்காலுக்குப் போனா. கை கட்டியிருந்துச்சுல்ல, உருட்டி உருட்டி ஊட்டிவிட்டா. சிப்பாய்க எட்டுப் பேரும் நல்லாச் சாப்பிட்டாக. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாக.

தட்டுல அவராவே கொண்டாந்து வச்சதால தூக்கு இல்லன்னு துரை தீர்ப்புச் சொன்னாரு. ஆயுசுக்கும் பினாங்கு. பார்த்தீகளா, என் கவுல் பாதியாவது பலிச்சுச்சுன்னு ரொம்ப நாளு ஊருல சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கேட்டவுக எந்திரிச்சுப் போயிருவாக. ராயர் நல்ல மனுசன், அவரு என்ன செய்வாரு, துரை கேக்கலையாம். எனக்குன்னு ஏதாவது செய்யணும்னு செத்துப்போன தலையாரியோட வேலையை எனக்குப் போட்டுக் குடுத்தாரு. இந்தக் கம்பு வச்சிருக்கேன்ல, பூண் போட்டது, கும்பினி குடுத்ததுதான். இருபத்திரண்டு வருசமாத் தலையாரி. ஒரு திருடனையும் பிடிச்சதில்ல. திருடனுகளே எரக்கப்பட்டு அடுத்த ஊருக்குப் போயிருறானுக.

அதனால தலையாரிதான் காட்டிக் குடுத்தான்னு நான் சொன்னது முழுப் பொய் இல்ல. ஒரு வருசம் முன்ன பின்ன, அவ்வளவுதான்.

சிரிக்க மாட்டீகளா? மத்தவுக இந்த எடத்துல சிரிப்பாக.

சரி. மூட்டையோட அடியில இன்னும் ஒண்ணு கிடக்கு, அதையும் எடுத்துப் போட்டுர்றேன். ராயர்கிட்டப் போனது கவுல் வாங்கன்னு சொன்னேன்ல. வாயி அப்படித்தான் சொல்லிப் பழகிருச்சு. அன்னைக்குக் கச்சேரிக்கு நடந்து போறப்ப எனக்குள்ள அண்ணன் நெனைப்பே இல்ல, மரைக்காயரே. உடைகுளத்துக்காரனுகதான் இருந்தானுக. ஒரே கொம்பு, ரெண்டு கயிறு. அண்ணன் வளரியோட வந்தது வெளியில தெரிஞ்சா அடுத்த கொம்புல தொங்குறது நாங்க ரெண்டு பேரும்தானே. கழுத்தைத் தடவிக்கிட்டே போனேன். கவுலுங்கிற யோசனை கச்சேரி வாசல்ல கால் வச்ச பிறகுதான் வந்துச்சு, சும்மா போக வெக்கமா இருந்ததால வந்துச்சு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. மீனாளுக்குத் தெரியும். சொல்லாமலே தெரியும் அவளுக்கு.

அதனால அந்தச் சேதியை விட்டுருங்க. தலையாரின்னு போயி அவருகிட்டச் சொன்னா நல்லாவா இருக்கும்? நான் கத்துனதை அவரு காதாலயே கேட்டவரு. ரெண்டு நாளா நடந்து வந்து, கேட்டவருகிட்டயே பொய் சொல்ல ஆள் தேடியிருக்கேன் பாருங்க, என்னைய மாதிரி ஒரு முட்டாளை உங்க கப்பல்ல ஏத்துனா பினாங்குல நல்ல யாவாரம் ஆகும்.

இந்தாங்க, இந்தத் துணியைப் பிரிச்சுப் பாருங்க. பயப்படாதீக, கையில எடுங்க. பஞ்சு மாதிரி இருக்குல்ல? முருங்கைதான். கல்யாணத் தட்டுல வச்சது இல்ல, அது எப்பவோ செல்லரிச்சுப் போச்சு. மீனாள் அதைச் சாமி மாடத்துல வச்சிருந்தா. அரிச்சுப்போனதும் புதுசாச் செதுக்கி வைங்கன்னா. அதுவும் அரிச்சுச்சு. இது ஏழாவது. உலகத்துலேயே முருங்கையில வளரி செதுக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். இப்ப கண்ணை மூடிக்கிட்டே செதுக்கிருவேன்.

வெத்தலை யாவாரி சொன்ன அன்னைக்கு மீனாள் இதை மாடத்துலேருந்து எடுத்து என் மடியில போட்டா. போயிக் குடுத்து விட்டுட்டு வாங்க, அவரு சிரிச்சாருன்னு சேதி வந்தா அதுக்கப்புறம் உங்களை ஒரு வார்த்தை ஏச மாட்டேன்னா. இருபத்திரண்டு வருசத்துல அவ என்னை ஏசுனதே இல்ல, அந்த ஏசாம இருக்கிறதைத்தான் ஏச்சுன்னு சொல்றா.

கைதிகிட்டக் குடுக்க விடுவாகளான்னு யோசிக்காதீக. துரையே தூக்கிப் பார்த்துச் சிரிச்ச ஆயுதம். பார்த்தவுடனே அண்ணன் தெரிஞ்சுக்குவாரு, என் பேரு சொல்ல வேண்டியதில்ல. குடுத்துட்டு அவரு மூஞ்சியை மட்டும் பாருங்க. பல்லு தெரியச் சிரிக்கிற ஆளு இல்ல, சிரிச்சா அந்தத் தழும்பு காதுப் பக்கமா ஏறும், அதை வச்சுக் கண்டுபிடிச்சிரலாம். முந்தி அப்படித்தான். நான் எறிஞ்சு தப்புன ஒவ்வொரு தடவையும் ஏறும்.

கச்சான் வருது பாருங்க, உங்க ஆளுக பாயை அவுக்குறாக. நான் எந்திரிச்சுக்கிறேன். திரும்பி வர்றப்ப நானே வந்து இந்தக் கரையில நிப்பேன், மீனாளும் கூட வருவா. ஒருவேளை அவரு சிரிக்கலைன்னா, சிரிச்சாருன்னே அவகிட்டச் சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

என்னைத் தனியாக் கூப்பிட்டு நெசத்தைச் சொல்லுங்க.